பிடியரிசிப் பானையும் நம் மாதக் கொடையும்

கொடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவு வள்ளல்களிடம் ஓடிவிடுகிறது. முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். இன்றும் மேடைதோறும் போற்றுகிறோம். ஆயினும் மாதச் சம்பளம் வாங்கி, வாடகையும் வட்டியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக எஞ்சியதைக் கொண்டு காலந்தள்ளும் நம்மனோர்க்கு அவ்வள்ளல்கள் வழிகாட்டுதல் அரிது. நம்மிடம் தேர் இல்லை. மாதந்தோறும் ஒதுக்கக்கூடிய ஒரு சிறு தொகை மட்டுமே உண்டு. அச்சிறு தொகையை எவ்வாறு கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்னும் இரு வினாக்களையும் நம் சங்கக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம். இவ்வினாக்கள் நூலிலிருந்து எழுந்தவை அல்ல. நாம் செய்த ஒரு தவற்றிலிருந்து எழுந்தவை.

நான்காம் மாதம்

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் மூதாட்டி ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார். மகனும் மருமகளும் காலையில் பிரட்டுக்குச் சென்றால் மாலையில்தான் திரும்புவர். பஞ்சாயத்தின் செவிலியர் முறைப்படி வந்து புண்ணைக் கட்டிச் சென்றார். குறைவாயிருந்தவை வேறு: பாலுக்கும் மருந்துக்கும் சிறிது பணம், மருத்துவமனைக்குச் செல்ல ஜீப் வாடகை, பகலில் அருகில் அமர ஒருவர்.

செய்தி சங்கக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. அனைவர் நெஞ்சும் இளகிற்று. அன்றே துண்டு விரித்து வசூல் செய்தோம். மூன்று மாதம் தவறாமல் சென்று கொடுத்தோம். சற்று நேரம் அமர்ந்து பேசியும் வந்தோம். நான்காம் மாதம் ஆண்டுவிழா வந்தது. பந்தலும் ஒலிபெருக்கியும் மின்விளக்கு அலங்காரமுமாக நம் கையும் காலமும் அதற்கே செலவாயின. ஐந்தாம் மாதம் சென்றபோது கட்டிலை மடித்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தனர். மருமகள் நமக்குத் தேநீர் கொடுத்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அத்தை போன மாசம் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, சங்கத்து அண்ணாச்சிமாரு இந்த வாரமாவது வருவாங்களான்னு" என்றார்.

நம் பணம் அவ்வம்மையாரின் உயிரைக் காத்திருக்கும் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் மூன்று மாதம் கொடுத்ததனால் நான்காம் மாதத்தையும் எதிர்பார்க்கும் உரிமையை அவருக்கு நாமே அளித்திருந்தோம். அதனை நிறைவேற்றாமல் விட்டதற்கு வறுமை காரணமன்று. நம்மிடம் ஒழுங்கு இல்லாமையே காரணம். இரக்கம் வந்தபோது கொடுத்தோம். வேறு வேலை வந்தபோது மறந்தோம்.

பாட்டிமார் அறிந்த வழி

இவ்வொழுங்கினை நாம் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. நம்மில் பலருடைய பூர்வீகமாகிய திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கங்களில் அஃது அடுக்களையிலேயே இருந்தது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவர். வாரம் ஒருமுறை அதனைத் திரட்டுவோர் வருவர். விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இவ்வாறு வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியாலும், வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையாலும் வளர்ந்த பள்ளி. காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பிய அவர், முகமறியாத எத்தனையோ தாய்மாரின் பிடியரிசியில் படித்தவர் என்பதை நாம் நினைவில் வைத்தல் நன்று.

கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார் தம் பேரேட்டில் மகமைக்கெனத் தனிப் பற்றுவரவு வைத்திருந்தனர். வீட்டுச் செலவு, கடைச் செலவு என்பவற்றோடு தருமமும் ஒரு கணக்காகவே நின்றது. வடகிழக்கே மிசோரத்துக் கிறித்தவக் குடும்பங்களில் வேளைக்கு ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் வழக்கம் 1910-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்றும் அது நின்றுபோகவில்லை. இசுலாமியரின் சக்காத்து நூற்றுக்கு இரண்டரை. கிறித்தவர் பலர் கொடுக்கும் தசமபாகம் பத்தில் ஒன்று. சமயங்கள் வேறு, அளவுகள் வேறு. எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளது ஒன்றே: கொடுக்க வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு செலவைத் தொடங்குதல்.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்பாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. இல்லாதவர்க்கு ஒன்று கொடுத்தல் ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்குப் பயன்படுதல் ஒப்புரவு. ஈகைக்கு இரக்கம் தூண்டுகோலாகலாம். ஒப்புரவுக்கு வழக்கம் வேண்டும். பிடியரிசிப் பானை அவ்வழக்கத்தின் கருவி.

வெள்ளம்போல் வரும் உதவி

இரக்கம் ஒன்றையே நம்பிய கொடை எவ்வாறு வந்து எவ்வாறு வடிகிறது என்பதனை இம்மலைநாட்டில் நாம் கண்ணாரக் கண்டுள்ளோம். 2020-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த இராசமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லய வரிசைகளை மூடிற்று. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் விடிந்த பின்னரே செய்தி வெளியுலகை எட்டியது. 70 உயிர்கள் மாண்டன. நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோரிற் பலர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாக உடைய நம் மக்கள். மறுநாள் மாலையே கோழிக்கோட்டு விமான நிலையத்தில் வானூர்தி விபத்து நேர்ந்தது. நாட்டின் கண் அங்கே திரும்பிற்று. நாட்கள் சென்றன. பெட்டிமுடியின் பெயர் செய்தித்தாள்களிலிருந்து மெல்ல மறைந்தது. ஆனால் தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் ஆண்டுதோறும் வரும். உற்றாரை இழந்தவர்க்கு ஒவ்வொரு மழைக்காலமும் வரும். அந்நீண்ட காலத்துக்கு வேண்டுவது ஒரே நாளில் கொட்டும் பணமன்று.

பேரிடரின்போது கொடுத்தல் தவறு என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் கொடுத்தல் வேண்டும். ஆனால் கேளாமற் கொடுத்தல் பயன்படாமற் போவதும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினக் கடற்கரையில் பழைய துணிகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து கிடந்ததை நாடு கண்டது. உடுத்த முடியாத துணியை அம்மீனவ மக்கள் தொடவில்லை. அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. கொடுத்தவர் மனம் நிறைந்தது; பெற்றவர்க்குச் சுமை கூடிற்று.

எதற்குக் கொடுப்பது?

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். கை ஒன்று, ஏந்தும் கைகள் பல. கோயில் திருப்பணி, கல்வி உதவி, மருத்துவம், விளையாட்டுக் குழு, பேரிடர் நிதி என எத்தனையோ வேண்டுகோள்கள் வருகின்றன. அனைத்திற்கும் பத்துப் பத்து ரூபாய் பிரித்துக் கொடுத்தால் எவருக்கும் ஒன்றும் நிறைவாகாது. முதலில் வந்து கேட்டவர்க்கும் உரக்கக் கேட்டவர்க்கும் கொடுத்தால், கேட்க நாவெழாதவர் விடுபடுவர். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணுகிறோம்.

முதற்கேள்வி: நாம் கொடாவிட்டால் இக்காரியம் நடவாமற் போகுமா? ஊரே கூடி நடத்தும் திருவிழா நம் நூறு ரூபாய் இன்றியும் நடக்கும். அதனைத் திருவிழா மகிழ்ச்சியின் செலவாகக் கொடுப்போம். தருமக் கணக்கில் எழுத வேண்டா. படுக்கையிலிருக்கும் முதியவரின் செய்தியோ வேறு. பாலியேட்டிவ் என்று இங்கு யாவரும் வழங்கும் வலிதணிப்புப் பணி 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ம. ரா. இராசகோபால், மருத்துவர் சுரேசுகுமார் முதலியோர் முயற்சியால் தொடங்கிற்று. பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே குழுவாகக் கூடி, கடைக்காரரும் கூலித் தொழிலாளரும் மாணவரும் தரும் சிறு காசுகளைக் கொண்டு நடத்தினர். 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்துப் பஞ்சாயத்துகள் வழியே வீட்டுப் பராமரிப்பைப் பரப்பியது. ஆகவே செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பது நம் வேலையன்று. அவர் வந்து சென்றபின் எஞ்சும் நாட்களில் உணவுக்கும் துணைக்கும் ஆள் உண்டா என்று பார்ப்பதே நாம் நிரப்பத்தக்க இடைவெளி.

இரண்டாம் கேள்வி: நம் நூறு ரூபாய் எங்கே மிகுதியாகப் பயன்படும்? கண்புரையை எடுத்துக்கொள்வோம். அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் முடியும் அறுவையால் பார்வை மீளுகிறது. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று நம் எல்லையை ஒட்டிய தேனியிலும் கோயம்புத்தூரிலும் கிளைகள் உண்டு. ஏழைகளுக்கு அறுவை இலவசம். அப்படியிருந்தும் பார்வை மங்கிய முதியோர் பலர் வீட்டிலேயே அமர்ந்திருப்பது ஏன்? பேருந்துக் கட்டணமும், உடன்வருவோர் இழக்கும் ஒருநாட் கூலியுமே அவர்களைத் தடுக்கின்றன. அறுவையோடு போக்குவரத்தும் உணவும் சேர்த்து அளித்தபோது கூடுதலானோர் முன்வந்தனர் என்பதை மதுரைப் பக்கத்தில் நடந்த ஆய்வுகளே காட்டியுள்ளன. போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், வாளையாறு வழியாகக் கோயம்புத்தூருக்கும் ஒருவரை அழைத்துச் சென்று திரும்பும் செலவு, பந்தலில் ஒரு மின்விளக்கு வளைவுக்கு நாம் கொடுத்த தொகையின் மிகச்சிறு பங்கே ஆகும்.

மூன்றாம் கேள்வி: பெறுவோரைக் கேட்டறிந்தோமா? பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013-ஆம் ஆண்டில் பழங்குடிக் குடும்பங்களின் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. உணவும் நிதியும் அனுப்பப்பட்டன. ஆனால் இருளரும் முதுகரும் குறும்பரும் முன்னாளில் ராகியும் சாமையும் தினையும் தாமே விளைத்து உண்டவர்கள். நிலமும் விளைச்சலும் கைநழுவியதே தாய்மாரின் உடல் நலிவுக்கு வேர் என்று அம்மக்களை அறிந்தோர் எடுத்துரைத்தனர். பின்னர் 2017-ஆம் ஆண்டளவில் சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டத்தை அரசே அங்குத் தொடங்கிற்று. அரிசி மூட்டை அனுப்பும் முன்பு அவ்வூர்த் தாய்மாரிடம் ஒரு சொல் கேட்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

கேட்டறிந்தால், வேண்டப்படுவது பணமே அன்று என்று தெரியவரும் இடங்களும் உண்டு. லயங்களில் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் பலருக்கு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் 1950-க்கு முன்பே குடும்பம் இங்குக் குடியிருந்ததற்குச் சான்று கேட்கப்படுவதால், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் பெறமாட்டாமல் தவிக்கின்றன. பாட்டனார் காலத்துத் தோட்டப் பதிவேட்டைத் தேடவும், மலையாளத்தில் மனு எழுதவும், தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்கவும் படித்த ஒருவர் துணை வேண்டும். நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் இருக்கின்றனர். மாதத்தில் ஒரு நாளை அவர்கள் ஈந்தால் அதுவும் மாதக் கொடையே.

உரிமையும் தருமமும்

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் அளித்தல் முதலாளியின் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. பின்வந்த சட்டத் தொகுப்பும் அப்பொறுப்பை நீக்கவில்லை. ஒழுகும் கூரையை நாம் வசூல் செய்து மாற்றிக் கொடுத்தால், கடமைப்பட்டவர் தப்பித்துக்கொள்வார். 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறுச் சாலையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்த பெண் தொழிலாளர்கள் போனசும் கூலியும் கேட்டனர், பிச்சை கேட்கவில்லை. "பெண்கள் ஒற்றுமை" என்று அவர்கள் தம்மைக் கூறிக்கொண்டதை நாடறியும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்கு மனு எழுதவும் துணை நிற்கவும் வேண்டும். தருமப் பணத்தை அதற்கு ஈடாக்குதல் கூடாது.

ஆயினும் 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீருமேட்டுப் பக்கத்தில் தோட்டங்கள் மூடிக் கிடந்த நாட்களை நினைக்கிறோம். வழக்கு முடியும்வரை வயிறு காத்திராது. அத்தகைய வேளையில் உரிமையைப் பேசிக்கொண்டே உலையரிசியும் கொடுத்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இரண்டையும் செய்தலே முறை.

எவ்வளவு? எவ்வாறு?

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் ஒதுக்கினால் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000. அதில் மாதம் 3,000 படுக்கையிலிருப்போர்க்கு. 1,500 பிள்ளைகளின் படிப்புக்கு. 900 கண் மருத்துவப் பயணங்களுக்கு. எஞ்சிய 600 பேரிடருக்கென வங்கியில் இருப்பு. நூறு இயலாதவர் இருபது கொடுக்கலாம். கூடுதலாக இயல்வோர் கொடுக்கலாம். கடன் வாங்கிக் கொடுத்தல் வேண்டா; தம் வீட்டுப் பிள்ளையின் பாலைக் குறைத்தும் கொடுத்தல் வேண்டா. சிறிதாயினும் தவறாமல் வருவதே வேண்டும். அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தாலன்றி, படுக்கையிலிருப்பவரிடம் அடுத்த மாதமும் வருவோம் என்று நாம் சொல்ல இயலாது.

இக்காலத்தில் பிடியரிசிப் பானைக்கு ஈடாக வங்கியிலும் கைப்பேசியிலும் வசதிகள் உள்ளன. சம்பளம் வந்த மறுநாளே தொகை தானாகச் செல்லுமாறு கட்டளை கொடுத்துவிடலாம். ஆயினும் வீட்டில் ஓர் உண்டியலும் இருக்கட்டும் என்போம். குழந்தை தன் கையால் ஒரு நாணயம் இட்டுப் பழகுதல் வங்கிக் கட்டளையால் வாராது.

கணக்கில் கண்டிப்பு வேண்டும். சங்கம் பதிவு பெற்றிருத்தல் நலம். இடுக்கியிலும் பழைய கொச்சிச் சீமையாயிருந்த சித்தூர்ப் பக்கத்திலும் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சங்கச் சட்டமும், பழைய மலபாராயிருந்த பாலக்காட்டின் பிற பகுதிகளில் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும் வழங்கிவந்துள்ளன. வேறு அமைப்புகளுக்கு அனுப்புவதாயினும் பதிவு எண், ரசீது, ஆண்டு வரவுசெலவு ஆகிய மூன்றையும் கேட்போம். கேட்பதனால் நல்லவர் வருந்தார். உண்டியலை இருவர் முன்னிலையில் திறப்போம். வரவையும் செலவையும் இவ்விதழிலேயே மாதந்தோறும் அச்சிடுவோம். கொடுத்தவர் பெயரை இடலாம். பெற்றவர் பெயரையும் படத்தையும் இடுதல் ஆகாது. வறுமை யாருக்கும் விளம்பரப் பலகை அன்று. லயத்துப் பிள்ளை நாளை பெரியவனாகி அப்படத்தைக் காணும்போது தலைகுனிய நேரக்கூடாது.

தேர்ந்த காரியங்களை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். பயன் இல்லையெனத் தெரிந்தால் மாற்றுவோம். ஆனால் மாற்றுவதாயின் பெறுவோர்க்கு மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு மாற்றுவோம். சொல்லாமல் நிறுத்துதல் எத்தகையது என்பதை அம்மடித்த கட்டில் நமக்குக் கற்பித்துவிட்டது.

வரும் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இத்திட்டத்தை முன்வைக்கிறோம். தாய்மாரும் சகோதரிகளும் தவறாது வருக. அடுக்களையிலிருந்து பிறந்த வழக்கமாதலின் அவர்கள் சொல்லே முதலாவதாக வேண்டும். எந்த லயத்தில், எந்தக் களத்துமேட்டில், எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றிருக்கிறது, யாருடைய கண் மங்கியிருக்கிறது என்னும் விவரங்களைக் குறித்துக் கொண்டு வருக. அப்பட்டியலில் மூன்று பேரை மட்டுமே நாம் முதலில் ஏற்க இயலும். ஏற்ற மூவருடைய வீட்டுக்கும் நான்காம் மாதமும் செல்வோம். ஐந்தாம் மாதமும் செல்வோம்.